தூங்கி எழுந்தும் தீராத களைப்பு: மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 13 வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். பணப் பரிமாற்றச் சேவைகள், அவற்றின் டேட்டாபேஸ், நடுராத்திரியில் அவை விழுந்தால் தூக்கி நிறுத்துவது, இதுதான் என் வேலை. 2022இல் எனக்கு பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தில் உடம்பும் மனதும் வற்றிப்போகும் நிலை, வந்தது. அதிலிருந்து எழுந்து வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதன்பிறகு டீமில் இருக்கும் தம்பி தங்கைகள், கல்லூரித் தோழிகள், சித்தி மகன் என்று பலர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய இடங்களில் அதையே சொல்லியிருக்கிறேன்.

பர்ன்அவுட் என்று உண்மையில் ஒன்று இருக்கிறதா? எங்கள் அப்பா காலத்தில் இப்படி யாரும் சொல்லவில்லையே?

இருக்கிறது. 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன்னார்வலர்களோடு அவரும் வேலை செய்தவர். ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்று ஓடிவந்தவர்களே கொஞ்ச காலத்தில் எரிச்சலும் வெறுமையுமாக மாறுவதைப் பார்த்தார், தன்னிடமும் பார்த்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்ற ஆய்வாளர்கள் 1981இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளே உருவாக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதைச் சேர்த்தது. நோய் என்று அல்ல, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று. சரிசெய்யப்படாமல் நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அதில் மூன்று அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள். உடம்பிலும் மனதிலும் சக்தி வற்றிப்போவது. வேலையிலிருந்து மனம் விலகி, அதன் மேல் கசப்பு வருவது. நம்மால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது. நம் தொழிலுக்குப் பெயர்த்தால் இப்படி இருக்கும்: காலையில் லேப்டாப்பைத் திறக்கவே கை வராது. ஜூனியர் கேட்கும் சாதாரண சந்தேகத்துக்கும் எரிந்து விழுவோம். முன்பு அரை மணியில் முடித்த பக் ஒன்றை மூன்று நாளாக வெறித்துக்கொண்டிருப்போம்.

சோம்பேறிகளுக்கு இது வந்து நான் பார்த்ததில்லை. டீமில் எதையும் தட்டிக்கழிக்கத் தெரியாதவர்கள்தான் முதலில் விழுகிறார்கள்.

வெறும் களைப்பா, பர்ன்அவுட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

புது வெர்ஷன் வெளியாகும் ரிலீஸ் வாரம் முடிந்து சனி ஞாயிறு நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடுவது களைப்பு. தூங்கி எழுந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஆன்-கால் ரோஸ்டரில், அதாவது சேவை விழுந்தால் இரவிலும் எழுந்து பார்க்க வேண்டியவர்களின் முறைப் பட்டியலில், மூன்று பேர் இருந்தோம். ஒருவர் வேறு கம்பெனிக்குப் போனார், அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. வாரம் மாற்றி வாரம் இரவு அலாரம் என்னிடம் வந்தது. ஒருநாள் காய்கறிக் கடையில் பக்கத்தில் நின்றவரின் போனில் அதே ரிங்டோன் அடித்தது. என் போன் பைக்குள் அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தும் நெஞ்சு படபடத்து, கை வியர்த்து, வாங்கிய தக்காளியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வேலை கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

உறைத்தது ஒரு கோட் ரிவ்யூவில், அதாவது ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துத் திருத்தம் சொல்லும்போது. ஒரு சின்னப் பெண் அருமையாக எழுதி அனுப்பியிருந்தாள். நான்கே வரியில் சொல்ல வேண்டிய திருத்தம். நான் எழுதியதை மறுநாள் நானே படித்தபோது வெட்கமாக இருந்தது, அவ்வளவு கடுப்பு அதில். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவளாக அல்ல, என்னைத் தொந்தரவு செய்ய வந்தவளைத் துரத்துகிறவளாக எழுதியிருந்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்தேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கே வயிற்றைப் பிசைகிறதா, தினமும் நடக்கும் ஸ்டாண்டப் கூட்டத்தில் நேற்றுச் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்கிறீர்களா, பிடித்த ஆட்களின் போனைக்கூட எடுக்காமல் விடுகிறீர்களா, இதெல்லாம் எத்தனை வாரமாக நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்யும் வேலைதானே, இதில் அப்படி என்ன களைப்பு?

இந்தக் கேள்வியை என் அப்பாவே கேட்டார். அவர் ராஜபாளையத்தில் நூல் மில் தொழிலாளி. பஞ்சுத் தூசியில், இயந்திரச் சத்தத்தில், மூன்று ஷிஃப்டும் மாறி மாறி நின்று வேலை பார்த்தவர். அவரிடம் போய் உட்கார்ந்து செய்யும் வேலை கஷ்டமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு வாரத்தை அப்படியே சொன்னேன். பகலில் நம் ஊர் ஆட்களோடு வேலை. மாலையில் அமெரிக்காவில் விடிந்ததும் கிளையண்ட் கால். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து பார்க்க வேண்டும். மறுநாள் காலை வழக்கம்போல ஸ்டாண்டப். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்கு மில் சங்கு ஊதினா அன்னைக்கு வேலை முடிஞ்சது. உனக்கு எப்போம்மா சங்கு?" என்று கேட்டார். இதைவிடச் சரியாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை.

முடிவே தெரியாத வேலை மனதை அரிக்கிறது. செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக நிற்கும் டிக்கெட் போர்டில் ஒன்றை மூடினால் இரண்டு திறக்கும். வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப் இருக்கும். குக்கர் விசிலுக்கும் மெசேஜ் சத்தத்துக்கும் நடுவே எந்த நிமிடம் ஆபீஸ், எந்த நிமிடம் வீடு என்றே தெரியாது.

அப்புறம், கவனம் சிதறுவது. பெரிய சேவை ஒன்றில் பிழை தேடும்போது பத்துப் பதினைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் தாங்கிப் பிடித்திருப்போம். நடுவில் "ஒரு நிமிஷம் கூப்பிடலாமா?" என்று ஒரு மெசேஜ் வந்தால் அத்தனையும் கலைந்துபோகும். மறுபடி அடுக்க வேண்டும். மாலையில் பார்த்தால் எழுதியது எட்டு வரி, உடம்போ மூட்டை தூக்கியது போல இருக்கும்.

நேர வித்தியாசம் தனிக் கொடுமை. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். நமக்கு இரவு 8:30க்கு இருந்த கால் அன்றிலிருந்து 9:30க்குப் போய்விடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை. நான்கு மாதத்துக்கு மேல் குழந்தையைத் தூங்க வைக்கும் நேரம் கைவிட்டுப் போகும். அங்கே யாருக்கும் இது தெரியக்கூடத் தெரியாது. நீங்களே சொல்லி அரை மணி நேரமாவது முன்னால் நகர்த்தக் கேளுங்கள். நான் கேட்ட இரண்டு முறையும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

ஆன்-கால் எவ்வளவு இருந்தால் அதிகம்?

கூகுளில் சேவைகளை ஓட்டும் குழுக்கள் 2016இல் தங்கள் வழிமுறைகளை வெளியிட்டார்கள். ஒரே ஊரில் இருக்கும் டீம் வார ரோஸ்டர் போட்டால் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்கிறார்கள். 12 மணி நேர ஷிஃப்டில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் வரக்கூடாது, ஏனென்றால் ஒரு சம்பவத்தைச் சரிசெய்து, காரணம் கண்டுபிடித்து, எழுதி வைக்கவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். ஒருவரின் நேரத்தில் கால் பங்குக்கு மேல் ஆன்-காலில் போகக்கூடாது.

எட்டுப் பேர் நம்மில் பல டீம்களுக்குக் கனவுதான். ஆனாலும் இந்த எண்களை மேனேஜரிடம் காட்டலாம். இரண்டு பேர் வைத்து ஓட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது என்பதற்கு அதுவே ஆதாரம். இரவு எழுந்தவர் மறுநாள் மதியம் வந்தால் போதும் என்ற ஒரு விதி மட்டும் போட்டாலே பாதி உயிர் திரும்பும்.

வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரியவர்களே சொல்கிறார்களே?

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி அப்படிச் சொன்னார், நாடே விவாதித்தது. அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்தக் கருத்தில் உடன்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் கணக்கு வைத்தது.

சொந்தக் கம்பெனி கட்டுகிறவரின் 70 மணி நேரத்தில், எதை எப்போது செய்வது என்ற முடிவு அவர் கையில் இருக்கும். நம் 70 மணி நேரத்தில் அது வேறொருவர் கையில் இருக்கிறது.

வேலையைப் பிரிக்கும் தவணைக்கே ஸ்பிரிண்ட் (வேக ஓட்டம்) என்றுதானே பெயர், ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டுமா?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி, மென்பொருளைச் சிறு சிறு தவணைகளாக எழுதும் அஜைல் முறையின் அறிக்கையை எழுதினார்கள். அதோடு வரும் 12 கொள்கைகளில் ஒன்று, எழுதுகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் பணம் போடுகிறவர்களும் காலவரையின்றி ஒரே சீரான வேகத்தில் போக முடிய வேண்டும் என்கிறது. தினமும் ஸ்டாண்டப் வைக்கும் பல இடங்களில் இந்த ஒரு கொள்கையை மட்டும் யாரும் படித்ததே இல்லை.

சரி, எனக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் என்ன செய்ய?

தூக்கம். மற்ற எதையும் அதற்குப் பிறகு பாருங்கள். யோகா வகுப்பு, ஜிம், காலை ஐந்து மணிக்கு எழுவது என்று புதிதாக எதிலும் இறங்காதீர்கள். காலியான ஆளுக்கு அதுவும் இன்னொரு டிக்கெட்டாகிவிடும். ஆன்-காலிலிருந்து ஒரு வாரம் விலக்குக் கேளுங்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டு, தேவைப்பட்டால் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். எனக்கு இது மிகக் கஷ்டமாக இருந்தது, மாலைக் காபிதான் அந்த நாட்களில் ஒரே சந்தோஷம். ஆனாலும் விட்டேன்.

அடுத்தது, ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை எல்லாமே இதே களைப்பைத் தரும். குறட்டை விடுகிறவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினையும் இருக்கலாம். எனக்கு ஹீமோகுளோபின் 9தான் இருந்தது. எனக்கு இருந்தது மனச் சோர்வு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதி ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையால் என் ரோஸ்டர் மாறவில்லை, ஆனால் அதைப் பற்றிப் பேசப் போகிற தெம்பு வந்தது.

இது மனச்சோர்வு நோயாக இருந்தால்?

இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போகவும் செய்யும். பர்ன்அவுட் பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். ஊருக்குப் போனால், குழந்தையோடு விளையாடினால், கொஞ்சமாவது முகம் மலரும். எதுவுமே பிடிக்கவில்லை, பிடித்த சாப்பாடும் ருசிக்கவில்லை, நாம் யாருக்கும் பாரம் என்ற எண்ணம் வருகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி என்றால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். வீட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

செத்துப்போய்விடலாமா என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே பேசுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, நாள் முழுவதும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள்.

மனநல மருத்துவரைப் பார்த்தால் ஆபீஸில் தெரிந்துவிடுமா? செலவு?

நீங்கள் சொன்னால் ஒழியத் தெரியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தரும், வெளிநோயாளி ஆலோசனைக்குத் தராது. உங்கள் பாலிசியைத் திறந்து பாருங்கள்.

பெரிய கம்பெனிகளில் ஊழியர் உதவித் திட்டம் என்ற பெயரில் இலவச ஆலோசனை இருக்கும். வழக்கமாக வெளி நிறுவனம் நடத்துவது. யார் பேசினார்கள் என்பது எச்.ஆருக்குப் போகாது என்று எழுத்தில் இருக்கிறதா பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பணம் இல்லை என்றால் அரசு மருத்துவமனை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. 1794இல் தொடங்கிய இடம் அது, அதன் வெளிநோயாளிப் பிரிவுக்குத் தூக்கம் வராத சாதாரண ஆட்களும் வருகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

லீவ் எடுத்தால் சரியாகிவிடுமா?

நான் பத்து நாள் எடுத்தேன். ஊரில் அம்மா சமைத்துப் போட்டாள், தூங்கினேன், ஐயனார் அருவிக்குப் போனோம், முகம் தெளிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். திங்கட்கிழமை லாகின் செய்த இருபதாவது நிமிடம் வயிறு பிசையத் தொடங்கியது. அதே ரோஸ்டர், அதே இரண்டு பேர், இரவில் தானாக ஓடி அடிக்கடி விழும் அதே பேட்ச் ஜாப் நிரல்.

லீவ் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் எடுங்கள். ஆனால் திரும்பி வரும் இடத்தில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். அதைப் பேசி முடித்துவிட்டு லீவுக்குப் போங்கள். நான் அந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன், பத்து நாள் லீவும் வீணாகப் போனது.

மேனேஜரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அப்ரைசலில் கை வைப்பார்களா?

நல்ல மேனேஜரும் உண்டு, மற்றவர்களும் உண்டு. எனவே முதல் பேச்சில் உங்கள் மனநிலையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. வேலையின் கணக்கைக் கொண்டு போங்கள். "ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்றால் "எல்லாருக்கும்தான்ப்பா" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடியும். நான் இரண்டாவது முறை போனபோது இப்படிச் சொன்னேன்:

"எட்டு வாரத்தில் 23 முறை இரவில் எழுந்திருக்கிறேன். அதில் 15 முறை அந்த ஒரே பேட்ச் ஜாப்தான் காரணம். அதை நிரந்தரமாகச் சரிசெய்ய இரண்டு வாரம் வேண்டும், அந்த இரண்டு வாரம் புது ஃபீச்சர் எடுக்க மாட்டேன். மூன்றாவது ஆள் வேண்டும். அவர் வரும்வரை, இரவு எழுந்தால் மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு லாகின் செய்கிறேன்."

கேட்டது மூன்று விஷயம், கிடைத்தது இரண்டு. மூன்றாவது ஆள் வர ஐந்து மாதம் ஆனது. ஆனால் பேட்ச் ஜாப்பைச் சரிசெய்த மாதத்திலேயே இரவு அலாரங்கள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டன. பேசி முடித்ததும் "இன்று பேசியபடி" என்று நான்கு வரி மெயில் அனுப்பி வைத்தேன். மேனேஜர் மாறினாலும் அது இருக்கும்.

அப்ரைசல் பற்றிய பயம் நியாயமானது. பொய் சொல்ல மாட்டேன், அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு குறைவுதான். பேசாமல் இருந்திருந்தாலும் தரமான வேலை வந்திருக்காது, அப்போதும் குறைந்திருக்கும்.

பேப்பர் போட்டுவிடலாமா?

சில இடங்களை விட்டு வெளியே வரத்தான் வேண்டும். திட்டுகிற, அவமானப்படுத்துகிற, எத்தனை முறை பேசினாலும் எதுவும் மாறாத இடத்தில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு யாரும் பரிசு தரப்போவதில்லை. ஆனால் ரிசைன் மெயிலை இரவில் அனுப்பாதீர்கள். எழுதி வையுங்கள், மூன்று நாள் நன்றாகத் தூங்கிவிட்டு அதே மெயிலைப் படியுங்கள்.

கணக்குப் பாருங்கள். வீட்டு இ.எம்.ஐ., பிள்ளைகளின் ஃபீஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்து ஆறு மாதத்துக்குக் கையில் இருக்கிறதா? நோட்டீஸ் பீரியட் 60 நாளா 90 நாளா? கடைசி வேலை நாளோடு கம்பெனி மருத்துவக் காப்பீடு முடிந்துவிடும், அப்பா அம்மாவும் அதில்தான் இருக்கிறார்கள் என்றால் சொந்தப் பாலிசியை முன்னாலேயே எடுங்கள். ஐந்து வருடம் முடியச் சில மாதங்களே இருக்கிறது என்றால் பணிக்கொடையையும் கணக்கில் வையுங்கள்.

ராஜினாமாவுக்கு முன்னால் இன்னும் சில கதவுகள் இருக்கின்றன. அதே கம்பெனியில் வேறு பிராஜெக்ட். சம்பளம் இல்லாத விடுப்பு. ஆன்-கால் இல்லாத டீம். நான் கடைசியில் அப்படித்தான் வேறு டீமுக்கு மாறினேன். ஒரே கட்டிடம், இரண்டு மாடி கீழே.

ஒரு எச்சரிக்கை மட்டும். காலியான நிலையில் இண்டர்வியூ கொடுத்து, கிடைத்த முதல் ஆஃபரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் பலர் ஆறு மாதத்தில் மறுபடி என்னிடம் பேசியிருக்கிறார்கள். புது இடத்தில் ரோஸ்டரில் எத்தனை பேர், போன மாதம் இரவு எத்தனை அலாரம் என்று இண்டர்வியூவிலேயே கேளுங்கள். கேட்டதற்காக வேண்டாம் என்கிற இடம் உங்களுக்கும் வேண்டாம்.

பிராஜெக்ட் எதுவும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேலையே இல்லை. எனக்கு ஏன் இப்படி இருக்கிறது?

வேலை மிகுதி மட்டுமே காரணம் இல்லை. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு இடங்களைச் சொல்கிறார்கள்: வேலையின் அளவு, நம் கையில் இருக்கும் முடிவுரிமை, கிடைக்கும் பலன், கூட இருக்கும் ஆட்கள், நியாயம், நாம் மதிக்கும் விஷயங்கள். பெஞ்சில் அளவைத் தவிர மற்ற ஐந்தும் ஆடிப்போயிருக்கும். தினமும் பயத்தோடு மெயில் பார்ப்பதும் உழைப்புதான். நாளுக்கு இரண்டு மணி நேரம் படிப்பு என்று நேரம் குறித்துக்கொண்டு, அது முடிந்ததும் எழுந்து வெளியே போங்கள்.

வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. என்ன செய்வது?

"பர்ன்அவுட்" என்ற சொல்லை விட்டுவிட்டு, ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லிப் பாருங்கள். என் அப்பாவிடம் அதுதான் எடுபட்டது.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கால் முடிந்ததும் நமக்கு இன்னொரு ஷிஃப்ட் தொடங்குகிறது: மாவு, பாத்திரம், ஹோம்வொர்க், மாமியாரின் மாத்திரை. அதைக் கணக்கில் சேர்க்காமல் பர்ன்அவுட் பற்றிப் பேசுவதில் பயனே இல்லை. நான் கணவரோடு உட்கார்ந்து வீட்டு வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். 31 வந்தது, அதில் 26 என் பக்கம். அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது இரவுச் சமையலும் காலை டிபன் பாக்ஸும் அவர் பொறுப்பு. உதவி என்று அவரும் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

ஏ.ஐ. கருவிகள் வந்த பிறகு வேலை குறைந்திருக்க வேண்டுமே?

என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். எழுதும் வேலை குறைந்தது, படித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை கூடியது. கையால் எழுதும்போது மனம் ஓர் ஓட்டத்தில் இருக்கும், அது எனக்கு ஓய்வு மாதிரி. இப்போது நாள் முழுவதும் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கும் நானூறு வரியைச் சந்தேகத்தோடு படிக்கிறேன். அதனால் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதை நானே எழுதுவதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் அந்தச் செய்திகளைப் படிப்பதில்லை.

நான் டீம் லீட். என் டீமில் ஒருவர் வாடிப்போவது தெரிகிறது. நான் என்ன செய்யலாம்?

கேட்டதற்கே நன்றி. இதை அந்த ஆளின் சொந்தப் பிரச்சினை என்று மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். எக்ஸ்.இஸட். என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளை லினக்ஸ் இயங்குதளம் ஓடும் ஏராளமான கணினிகள் நம்பியிருக்கின்றன. பல ஆண்டுகளாக அதை ஒருவரே சம்பளம் இல்லாமல் கவனித்துவந்தார். 2022இல், மனநலக் காரணங்களால் தன்னால் முன்போல முடியவில்லை என்று அவர் பொதுவெளியிலேயே எழுதினார். அதே நேரத்தில் சிலர், வேலை நடக்கவில்லை, வேறு ஆளிடம் கொடு என்று அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் உதவ வந்தவரிடம் பொறுப்பு பகிரப்பட்டது. அவர் அதற்குள் ஒரு ரகசிய வாசலை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னார். ஒருவரின் களைப்பை யாரும் பொருட்படுத்தாததில் வந்து நின்ற ஆபத்து அது.

உங்கள் டீமில் எந்தச் சேவை ஒரே ஆளின் தலையில் இருக்கிறது என்று இந்த வாரமே எழுதுங்கள். அவர் லீவில் போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அவரைத்தான் என்றால் அவருக்கு லீவே இல்லை. இன்னொருவருக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்க (கே.டி.) நேரம் ஒதுக்குங்கள். தாமதமான பிராஜெக்டில் கடைசி நேரத்தில் ஆட்களைக் கொட்டாதீர்கள், அது மேலும் தாமதமாகும் என்று கணினி விஞ்ஞானி ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். அந்தப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதே களைத்த மனிதர்தான்.

அப்புறம், இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று சேர்த்தாலும் வேண்டாம். அவர் அதை அப்போதே பார்த்துவிடுவார், காலைவரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

சரியாக எவ்வளவு காலம் ஆகும்? மறுபடி இந்த வேலை பிடிக்குமா?

ஆளுக்கு ஆள் மாறும். எனக்குத் தூக்கம் திரும்ப இரண்டு மாதம் ஆனது. எரிச்சல் அடங்க ஆறு மாதம். அந்த ரிங்டோனைக் கேட்டால் இப்போதும் ஒரு கணம் நெஞ்சு நிற்கும், அது போகவில்லை. மாலை ஏழரை மணிக்கு, மறுநாள் எங்கே தொடங்க வேண்டும் என்று மூன்று வரி எழுதிவிட்டு லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன். அப்பாவிடம் போனில் "சங்கு ஊதியாச்சு" என்று சொல்வேன்.

பிடிப்பது எப்போது திரும்பியது என்று கேட்டால், ஒரு சனிக்கிழமை. அம்மா ஊரில் பத்துப் பெண்களோடு சீட்டு நடத்துகிறாள், கணக்கு நோட்டில் எப்போதும் குழப்பம். அவளுக்காக ஒரு சின்னக் கணக்கு நிரல் எழுத உட்கார்ந்தேன். யார் எத்தனை மாதம் கட்டினார்கள், யார் எடுத்தார்கள், தள்ளு எவ்வளவு. நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது, டீ ஆறிப்போயிருந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. அம்மா போனில் பார்த்துவிட்டு, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னாள்.